ஃபோர்ஹேண்ட் மட்டும் போதுமா?

விவசாயி பதிவுல தட்டு விளையாட்டுக்கு என்ன வேலைன்னு கேட்காதீங்க. உங்கள்ல பல பேரோட பிள்ளைகள் அமெரிக்காவுல இருக்காங்க. என் மகனும் டெக்சாஸ்ல வேலை பார்க்கிறான். போன வருஷம் மூணு மாசம் அவன் வீட்டுல தங்கியிருந்தேன். சனி, ஞாயிறு வந்தா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போவான். அங்க பார்த்த டிஸ்க் கோல்ஃப் பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு. ஃபோர்ஹேண்ட் வீச்சை மட்டுமே நம்பி விளையாடுறது சரியில்லை. பிள்ளைகள் காதுலயும் போட்டு வைக்கத்தான் இதை எழுதுறேன்.

விளையாட்டு ரொம்ப எளிமை. மரங்களுக்கு நடுவுல, ஒரு கம்பத்துல சங்கிலி தொங்கும், அதுக்குக் கீழ கூடை. தட்டை எறிஞ்சு எறிஞ்சு அந்தக் கூடையில போடணும். யார் குறைஞ்ச எறியில முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பெரும்பாலும் 18 கூடை இருக்கும். எட் ஹெட்ரிக்குன்னு ஒருத்தர்தான் இதுக்கு வழி போட்டவர். 1975-ல கலிஃபோர்னியாவுல ஓக் குரோவ் பூங்காவுல முதல் மைதானம் அமைச்சார். பல பூங்காக்கள்ல காசு கிடையாது, தட்டு மட்டும் கையில இருந்தா போதும். நம்ம கோலிக்குண்டு மாதிரி ஏழைக்கும் எட்டுற விளையாட்டு. அதனாலயே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

எறியறதுல முக்கியமா ரெண்டு வகை. பேக்ஹேண்ட்னா முதுகைப் பாதி கூடைப் பக்கம் திருப்பி, தட்டை நெஞ்சுக்குக் குறுக்க இழுத்து, இடுப்பும் தோளும் சுழல விடுறது. ஃபோர்ஹேண்ட்னா ரெண்டு விரலைத் தட்டோட உள்விளிம்புல கொடுத்து, கட்டை விரலை மேல அழுத்தி, உள்ளங்கை வானத்தைப் பார்க்க, பக்கவாட்டுல மணிக்கட்டைச் சுண்டி விடுறது. குளத்துல ஓட்டாஞ்சில்லைத் தத்த விட்டவங்களுக்கும், சோளக்காட்டுல கிளி விரட்டக் கல்லு வீசினவங்களுக்கும் இந்த வீச்சு ஏற்கனவே கையில இருக்கு. அமெரிக்காவுல பேஸ்பால் ஆடி வளர்ந்த பசங்களுக்கும் அப்படித்தான். முதல் நாளே வந்துடும். எறியும்போது கண்ணு கூடையை விட்டு விலகறதும் இல்லை. அதனால புதுசா வர்றவங்கள்ல சில பேர் அதைப் பிடிச்சுக்கிட்டு வேற பக்கமே திரும்பறதில்லை. என் மகனும் அந்தக் கட்சி.

வர்ற வீச்சை வெச்சு ஆரம்பிக்கிறதுல தப்பே இல்லை. அங்கேயே நின்னுடுறதுதான் வினை.

முதல் காரணம், தட்டு வளையற திசை. வலது கைக்காரர் ஃபோர்ஹேண்ட் எறிஞ்சா, வேகம் குறையற கடைசியில தட்டு வலது பக்கம் சாயும். பேக்ஹேண்ட் எறிஞ்சா இடது பக்கம் சாயும். மைதானம் போட்டவன் ஒரு கூடையை மரத்துக்கு வலது பக்கம் ஒளிச்சு வெப்பான், அடுத்ததை இடது பக்கம். இடது பக்கம் திரும்பற பாதையில ஃபோர்ஹேண்ட் தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சு எறியலாம்தான். ஆனா கடைசியில அது வலது பக்கமே திரும்பப் பார்க்கும். சுழற்சியோட குணம் அது.

ரெண்டாவது, தூரம். உடம்பு முழுசும் சுழலுறதால பெரும்பாலானவங்களுக்குப் பேக்ஹேண்ட்தான் நீளம் போகும். 2016-ல நெவாடா பாலைவனத்துல, நல்ல காத்து வாக்குல டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் எறிஞ்ச தட்டு 338 மீட்டர் போய் உலகச் சாதனை ஆச்சு. அது பேக்ஹேண்ட். சதுரமா ஒரு ஏக்கர் எடுத்தா ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அஞ்சு ஏக்கரை வரிசையா வெச்சாலும் தாண்டிப் போற தூரம்னு கணக்குப் போட்டுக்கோங்க.

மூணாவதுதான் எனக்குப் பெரிய கவலை. முழங்கை. ஃபோர்ஹேண்ட்ல முழங்கை முன்னால போகும், கையும் தட்டும் பின்னால இழுபட்டு வரும். அந்த இழுப்பு முழங்கையோட உள்பக்கத் தசைநார்ல போய் விழும். பேஸ்பால் பந்து வீசறவங்களுக்கு அறுந்து போறதும் அதே இடம்தான். 1974-ல டாமி ஜான்ங்கற வீரருக்கு அந்தத் தசைநாரை டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதுசாக் கட்டினார். அந்த அறுவைக்கே இன்னைக்கும் டாமி ஜான்னுதான் பேர். டிஸ்க் கோல்ஃப் ஆடற எல்லாருக்கும் அப்படி ஆகும்னு நான் பயமுறுத்தலை. பேக்ஹேண்ட்லயும் முதுகுவலி, தோள்வலி உண்டு. ஆனா ஒரே இடத்துல ஒரே பாரத்தை ஏத்திக்கிட்டே இருந்தா எது தாங்கும்? எங்க காட்டுல நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற ஆளைக் கவனிச்சுப் பாருங்க. கொஞ்ச நேரம் வலது கை முன்னால, அப்புறம் இடது கை முன்னால. கை மாத்தி வெட்டுறவர்தான் மறுநாளும் வேலைக்கு வருவார்.

என் மகனுக்கு ராத்திரியில முழங்கை உள்பக்கம் குடையுது. கம்ப்யூட்டர்ல விரல் தட்டிச் சம்பளம் வாங்குற பையன். கைதான் அவனுக்குக் காடு, தோட்டம் எல்லாம். டாக்டர்கிட்டக் காட்டுன்னு சொன்னேன், அது முதல் வேலை. அப்புறம் வீச்சை மாத்துன்னேன். "பேக்ஹேண்ட் எனக்கு வராதுப்பா"ன்னான். எத்தனை நாள் எறிஞ்சு பார்த்தேன்னு கேட்டேன். பதில் இல்லை.

"ரிக்கி வைசாக்கி ஃபோர்ஹேண்டுக்குப் பேர் போனவர், 2016, 2017 ரெண்டு வருஷமும் உலகச் சாம்பியன்"னு பையன் வாதாடினான். உண்மைதான். ஆனா அவர் கையில பேக்ஹேண்டும் இருக்கே. தேவைப்படும்போது ஃபோர்ஹேண்டை எடுக்கிறார். வேற வழி இல்லாம எடுக்கறதில்லை.

ஏர் மாடு வெச்சிருந்தவங்களுக்கு இது புரியும். வலத்துலயே பழகின மாட்டை இடத்துல பூட்டினா மிரளும். ஜோடி மாடு படுத்துட்டா உழவே நின்னுடும். கெட்டிக்கார ஆள் இளங்காளையிலேயே ரெண்டு பக்கமும் பூட்டிப் பழக்கி வெப்பார். வலி வந்த பிறகு புது வீச்சு பழகறது, மழை வந்த பிறகு கொழு தேடுற கதை.

அதனால பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான். வலி இருந்தா முதல்ல கைக்கு ஓய்வு. ஃபோர்ஹேண்டை விட வேண்டாம், ஆனா வேகத் தட்டைக் கீழ வெச்சுட்டு, பட்டர்ங்கற மெதுவான தட்டை எடுத்து, பாதி பலத்துல எறியுங்க. தட்டு தள்ளாடினா கை கோணலாப் போகுதுன்னு அர்த்தம். பலத்தைக் கூட்டினா அது சரியாகாது. 18 கூடையில ஆறு கூடைக்குக் கண்டிப்பா பேக்ஹேண்ட், ஓடாம நின்ன இடத்துல இருந்தே. கணக்குல தோத்தா தோத்துட்டுப் போங்க. கூட ஆடறவன் சிரிச்சா சிரிக்கட்டும்.

பையன் இப்போ அந்த ஆறு கூடைக் கணக்குக்கு ஒத்துக்கிட்டான். போன ஞாயித்துக்கிழமை நாலு தட்டு புதருக்குள்ள போச்சாம், மூணுதான் திரும்பக் கிடைச்சதாம். போகட்டும். தட்டு கடையில கிடைக்கும்.

அடுத்த பதிவுல மாசிப்பட்ட எள் பத்தி எழுதுறேன்.