எந்தக் காதலர்கள் குற்றவாளிகள்?

'பானி அண்ட் கிளைட்' உலக சினிமாவின் மைல்கல் என்கிறார்கள். ஆர்தர் பென் இயக்கி 1967இல் வந்த படம். காதலர்கள் இருவர் வங்கிகளைக் கொள்ளையடிக்கிறார்கள், சுடுகிறார்கள், காரில் பறக்கிறார்கள். கடைசியில் அவர்கள் தோட்டா பாய்ந்து விழுவதைக்கூட மெதுவாகக் காட்டி அழகாக்குகிறார்கள். எனக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

வங்கி பறித்துக்கொண்ட தன் வீட்டை நோக்கி ஒரு வெள்ளை விவசாயி ஆத்திரத்தில் சுடுகிறார். அவரிடம் உழைத்த கறுப்பினத் தொழிலாளியும் சுடுகிறார். அந்தத் தொழிலாளி என்ன இழந்தார்? படம் கேட்கவே இல்லை. கதை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

அன்றைய அமெரிக்காவில் நிஜமாகவே 'குற்றவாளிக் காதலர்கள்' இருந்தார்கள். வெள்ளையரான ரிச்சர்ட் லவிங், கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட். கல்யாணம் செய்துகொண்டதற்காக 1958இல் வர்ஜீனியா போலீஸ் நள்ளிரவில் படுக்கையறைக்குள் புகுந்து அவர்களைப் பிடித்தது. அந்தத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூன் 12இல். இந்தப் படம் வந்த அதே ஆண்டு. அதுவரை 16 மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டம் இருந்தது.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை, தோழர்களே. சாதி போதும். ஓமலூர் கோகுல்ராஜ் 21 வயது தலித் இளைஞர், பொறியியல் படித்தவர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில், உடன் படித்த ஆதிக்க சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார்.

சினிமா நாயகன் வேஷம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? முதன்மைக் குற்றவாளி யுவராஜுக்கு. தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை விட்டார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் திரண்டது. சட்டத்தை மீறும் துணிச்சலுக்குக் கைதட்டக் கற்றுக்கொண்ட கண்கள், மீறுகிறவன் யார், சாகிறவன் யார் என்று பார்ப்பதில்லை.

2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. மகனுக்காக அந்தத் தாய் எட்டு ஆண்டுகள் போராடினார். வழக்கில் முக்கியச் சாட்சியமாக நின்றது கோயில் சிசிடிவியில் பதிவான காட்சி.

துப்பாக்கிக் காதலர்களைப் புகழ்கிறவர்களிடம் கேளுங்கள்: கோயிலில் உட்கார்ந்து பேசியதற்காகச் செத்தவனின் கதையை எப்போது கிளாசிக் என்பீர்கள்?