நான் பிடிக்காத கை



2021 மே மாதம் என் அப்பா ஊரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கோவிட் காலம், போக முடியவில்லை. லண்டனில் நான் இரவு டியூட்டியில் இருந்தேன். தம்பி வாட்ஸ்அப்பில் அழைத்தபோது ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. இடைவேளையில் திரும்ப அழைத்தேன். எல்லாம் முடிந்திருந்தது.

போன மாதம் நம் இதழுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் வரவில்லை. அந்த நாலு வரியையும் சாட்ஜிபிடியிடம் கொடுத்து முழுதாக எழுதச் சொன்னேன். உடனே அழகான தமிழில் வந்தது. அதில் நான் அப்பாவின் கையைப் பிடித்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் புன்னகையோடு கண்மூடினார். வாசித்து அழுதேன். அனுப்பியிருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். ஆனால் அந்தக் கையை நான் பிடிக்கவில்லை.

எழுத்தாளர் வௌஹினி வாராவுக்கும் இப்படி நடந்தது. அக்கா புற்றுநோயில் இறந்ததைப் பல வருடங்கள் எழுத முடியாதிருந்தவர், ஜிபிடி-3இடம் சில வரிகளைக் கொடுத்துத் தொடரச் சொன்னார். ஒன்பது பகுதிகளாக 2021இல் 'கோஸ்ட்ஸ்' கட்டுரை வந்தது. அதில் அக்கா தன் கையைப் பிடித்ததாக இயந்திரம் ஒரு காட்சி எழுதியது. அது நடக்காதது. வாரா போகப்போகத் தன் சொந்த வரிகளைக் கூட்டினார். தான் எழுதியதைத் தடித்த எழுத்தில் காட்டி, எது யாருடையது என்று வாசகருக்கு மறைக்காமல் சொன்னார்.

"தன்புனைவில் கற்பனை கலப்பது வழக்கம்தானே, அக்கா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம். 1977இல் பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி தன் நாவலை 'ஆட்டோஃபிக்ஷன்' என்று வகைப்படுத்திய நாளிலிருந்தே அப்படித்தான். ஆனால் அங்கே கலப்பவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அவர் மனச்சாட்சிக்குத் தெரியும். இயந்திரத்துக்கு என் அப்பாவைத் தெரியாது. யார் யாரோ எழுதிய மரணப் படுக்கைகளிலிருந்து ஒன்றைச் செய்து தந்தது.

வார்டில் நாங்கள் கண்டதையும் செய்ததையும் மட்டுமே குறிப்பில் எழுதுவோம். நேரம் போட்டுக் கையெழுத்திடுவோம். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், பிறகு சேர்த்தது என்றே எழுத வேண்டும். சபையில் நாம் சொல்லும் சாட்சிக்கு இதைவிடக் குறைந்த அளவுகோல் இருக்கலாமா? யோவான் தன் முதல் நிருபத்தைத் தொடங்குவதே தான் கண்டதையும் கேட்டதையும் தொட்டதையும் சொல்லித்தானே.

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தமிழ் எழுதுவது கஷ்டம் என்று தெரியும். எழுத்துப்பிழை திருத்த, ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்க, இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தினால் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஆனால் உங்கள் கண்ணீரையும் ஜெபத்தையும் அதனிடம் எழுதி வாங்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை தப்பும் தவறுமாக எழுதிய அரைப் பக்கத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

அந்த அழகான பக்கத்தை அழித்துவிட்டேன். எடுக்காத அழைப்பைப் பற்றி நானே எழுதினேன். இப்போது ஒன்பது வரி இருக்கிறது. அடுத்த இதழுக்கு அதையே தருகிறேன்.