படித்த புத்தகம் போய்ச் சேர வழி வேண்டும்

தில்லி முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்தர் நகரிலும் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், ஊர் திரும்பும்போது விட்டுச் செல்வது பெரும்பாலும் புத்தகங்களைத்தான். மூன்று, நான்கு ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வரலாறு, பொருளாதாரம், அரசமைப்புச் சட்ட நூல்கள் பழைய காகிதம் வாங்குபவரின் தராசில் ஏறுகின்றன. அவற்றையே முழு விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்கள் தருமபுரியிலும் இருக்கிறார்கள், பிகாரின் கயையிலும் இருக்கிறார்கள். கொடுக்க மனமுள்ளவரும் தேவையுள்ளவரும் இருந்தும் புத்தகம் எடைக்குப் போவதற்குக் காரணம், இருவருக்கும் இடையே மலிவான பாதை இல்லாததே.

தலைநகரில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2017-ல் தில்லி மெட்ரோ ரயில்களில் சிலர் தாங்கள் படித்த நூல்களை வேண்டுமென்றே விட்டுச் சென்று, கண்டெடுப்பவர் படித்துவிட்டு மீண்டும் ரயிலில் வைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டனர். அழகான எண்ணம். ஆனால், யாருக்கு எந்தப் புத்தகம் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொருத்தது. தேர்வுக்குப் படிப்பவரால் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்க முடியாது. தேடி வாங்குவோருக்குப் பல பத்தாண்டுகளாகக் கைகொடுத்து வந்த தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையும், போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2019-ல் நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் மகிளா ஹாட் வளாகத்தில் வியாபாரிகளுக்கு இடம் தரப்பட்டது.

தில்லிக்குள் இருப்பவருக்காவது ஏதோ ஒரு சந்தை உண்டு. வெளியூருக்கு அனுப்புவதென்றால் அஞ்சல் துறையை விட்டால் வேறு கதியில்லை. தமிழ்ச் சிற்றிதழ் உலகம் 'புக் போஸ்ட்' என்று உரிமையோடு அழைத்து வந்த சலுகைக் கட்டணச் சேவையை நம்பியே பல பதிப்பகங்களும் வாசகர்களும் இருந்தனர். அதில் பதிவு செய்து அனுப்பும் வசதி 2024 டிசம்பரில் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2025 மே 1-ம் தேதி 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை தொடங்கப்பட்டது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய். வரி தனி என்று அறிவிக்கப்பட்டது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதைச் சுமந்து செல்வதற்கு வரி உண்டு என்பது விநோதமே.

இந்த மாற்றம் எப்படி இவ்வளவு எளிதாக நிகழ்ந்தது? 1898-ம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில் கடிதம், அஞ்சலட்டை போன்றவற்றோடு புத்தகக் கட்டுக்கும் கட்டணம் முதலாவது அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்தது. அந்த வரம்பைத் தாண்ட வேண்டுமானால் அரசு நாடாளுமன்றத்திடம் வந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம், கட்டணங்களை ஒழுங்குமுறைகள் வாயிலாக வகுக்கும் பொறுப்பை அஞ்சல் துறைத் தலைமை இயக்குநரிடம் விட்டுவிட்டது. எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பெருமளவில் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடர் அது. அஞ்சலை இடைமறிக்க அரசுக்குத் தரப்படும் அதிகாரம் குறித்து விவாதம் எழுந்தது, எழ வேண்டியதுதான். கட்டண அட்டவணை சட்டத்திலிருந்து மறைந்தது அந்தச் சந்தடியில் பொதுக் கவனத்துக்கு வரவில்லை. ஓராண்டு கழித்து அதன் பொருள் என்னவென்று புத்தகப் பொட்டலத்துடன் அஞ்சலகம் சென்றவர்களுக்கே தெரிந்தது.

புதிய சேவையின் நிபந்தனைகளும் தெளிவாக இல்லை. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களே ஏற்கப்படும். வணிக நோக்கமுள்ளவை கூடாது. அச்சகத்தார் அல்லது பதிப்பாளரின் பெயர் இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு நாவல் இவற்றில் எந்த வகை? தனி நபர் ஒருவர் தாம் படித்த பத்துப் புத்தகங்களைக் கிராம நூலகத்துக்கு அனுப்பினால் முகப்பில் இருக்கும் ஊழியர் ஏற்பாரா? ஒவ்வோர் அஞ்சலகமும் ஒவ்வொரு விதமாகப் பொருள் கொள்ள இடம் தருவது நல்ல விதியாகாது.

நூலகங்களின் தயக்கம் வேறு வகையானது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ன்படி, வாசகர்களுக்கு வழங்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டுக்கு ஐந்து தொலைந்தால், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். ஆனால், 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் ஒன்று காணாமல் போனாலும் விசாரணை உண்டு. அரிய நூல்களைக் காக்க இது தேவைதான். எனினும், நன்கொடையாக வரும் பழைய பாடநூலையும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அதுவும் தணிக்கைக்கு உரிய சொத்தாகிவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள நூலகர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் ஏற்றாத 'எடுத்துச் செல்லலாம்' அலமாரி ஒன்றை வாசலில் வைக்க அனுமதித்தால் போதும், செலவும் இல்லை.

தொடங்க விரும்புவோர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் அறையில் ஓர் அலமாரி, ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் ஆயிற்று. கொடுப்பதற்கு முன் பெறுபவரிடம் பட்டியலைக் காட்டுவது அவசியம். பாடத்திட்டம் மாறிப்போன கையேடுகளையும் கரையான் அரித்த தொகுதிகளையும் கிராமப் பள்ளிக்கு மூட்டை கட்டி அனுப்புவது தானமாகாது. வீட்டைச் சுத்தம் செய்யும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதாகும். தில்லியிலிருந்து ஊருக்குப் போகும் மாணவர்கள் அடுத்து வரும் தமிழக மாணவர்களிடம் அறையோடு புத்தகங்களையும் ஒப்படைத்துச் செல்லலாம். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

அஞ்சல் கட்டணத்துக்குத்தான் அரசின் பதில் தேவை. தனி நபர்கள் அனுப்பும் படித்த புத்தகங்கள் 'ஞான் போஸ்ட்' வரம்புக்குள் வருமா, நூலகங்களுக்குச் செல்லும் கட்டுகளுக்கு மேலும் சலுகை உண்டா என்று எந்த எம்.பி.யும் எழுத்து மூலம் கேட்கலாம். மக்களவையில் அதற்கு 15 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும்.