பேச முடியாத நோக்கியா சொல்லிக்கொடுத்த பாடம்!

நோக்கியா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது டார்ச் வைத்த 1100 தான். கை தவறி விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் ஓடும். பொறுக்கி மாட்டினால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி உயிர் வந்துவிடும். அப்படிப்பட்ட போன்களை உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்த அந்த ஃபின்லாந்து நிறுவனம், 2005-ல் ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. போன் பேசவே முடியாத ஒரு கருவியைத் தயாரித்துக் கடைக்கு அனுப்பியது!

பெயர், நோக்கியா 770 இன்டர்நெட் டேப்லெட். 2005 மே மாதம் நியூயார்க்கில் அறிவிக்கப்பட்டு, நவம்பரில் விற்பனைக்கு வந்தது. சிம் போட இடமே கிடையாது. வைஃபை இருக்கும் இடத்தில் இணையம் பார்க்கலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் செல்போனை ப்ளூடூத்தில் இணைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் விலை 360 டாலர். இவ்வளவு பணம் கொடுத்து, பேச முடியாத ஒன்றை வாங்கி என்னதான் செய்வது?

வாங்கியவர்களில் ஒரு கூட்டம் அதற்குத் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. அதில் புத்தகம் படிக்க ஆரம்பித்தது.

சட்டைப் பையில் நூறு நாவல்

ஐஃபோன் வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய கதை இது. கின்டிலும் அப்போது இல்லை. 770-ன் நீளம் சுமார் 14 செ.மீ., அகலம் 8 செ.மீ., மூடியோடு சேர்த்து எடை 230 கிராம். கோட்டுப் பையிலோ கைப்பையிலோ அடங்கிவிடும். உலோக மூடியைச் செருகினால் திரை அணைந்துவிடும். திருப்பிப் பின்பக்கம் மாட்டிக்கொண்டால் படிக்கலாம்.

அதன் திரைதான் வாசகர்களை இழுத்தது. 4.1 அங்குலத் திரையில் 800-க்கு 480 என்ற கணக்கில் புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு சுமார் 225 புள்ளிகள். அன்றைய கணினித் திரைகளில் பெரும்பாலானவற்றில் அது 100-ஐக்கூட எட்டவில்லை. எழுத்துகள் பிசிறில்லாமல், அச்சடித்தது போலத் தெரிந்தன.

அதோடு எஃப்.பி.ரீடர் என்ற இலவச மென்பொருளும் சேர்ந்துகொண்டது. நிகோலாய் புல்ட்சின் என்பவர் உருவாக்கியது. எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம், புத்தகம் போல நிமிர்த்திப் பிடித்துப் படிக்கப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எந்தப் புத்தகத்தை எந்த வரியில் விட்டோமோ, அந்த வரியிலேயே திறக்கும்.

கருவியோடு தந்த மெமரி கார்டின் அளவு வெறும் 64 எம்.பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் இரண்டு கல்யாண வீடியோவுக்கே அது போதாது. ஆனால், படமில்லாத ஓர் ஆங்கில நாவல் அரை எம்.பி. சொச்சம்தான். ஆக, அந்தக் குட்டி கார்டில் சுமார் நூறு நாவல்கள்!

புத்தகங்களுக்கும் பஞ்சமில்லை. 1971-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய புராஜெக்ட் கூட்டன்பர்க், காப்புரிமை முடிந்த நூல்களை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன.

குறைகளும் இருந்தன. நாள் முழுக்கப் படிக்க பேட்டரி தாங்காது. வேகமும் குறைவு. 2007 நவம்பரில் அமேசானின் கின்டில் காகிதம் போன்ற திரையோடு, 399 டாலருக்கு வந்தபோது, கண்ணுக்கு இதம் எது என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முதல் கின்டிலின் திரையில் விளக்கு கிடையாது. தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில், அறை விளக்கைப் போடாமல் படிக்க 770 தான் வசதி.

இன்னொரு வசதியும் இருந்தது. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் அதில் செல்போன் அழைப்பு எதுவும் வராது. போன் இல்லாததைக் குறை என்று நினைத்தால், வாசிப்புக்கு அதுவே வரமாகிவிட்டது.

கருவி போனது... புத்தகம் நின்றது

770 விற்பனைக்கு வந்து 14 மாதங்களில், 2007 ஜனவரியில், அடுத்த கருவியான என்800-ஐ நோக்கியா அறிமுகப்படுத்தியது. அதற்கான புதிய மென்பொருள் 770-க்கு முறைப்படி வரவில்லை. 'ஹேக்கர் எடிஷன்' என்ற பெயரில், தைரியம் உள்ளவர்கள் போட்டுப் பார்க்கலாம் என்று ஒன்றை விட்டதோடு சரி. அதே ஆண்டு என்810 வந்தது. 2009-ல் வந்த என்900-ல் ஒருவழியாகப் போன் பேச முடிந்தது. அதன்பின் அந்த வரிசையே நின்றுபோனது.

ஆனால், 770-ல் கூட்டன்பர்க் நூல்களைச் சேர்த்து வைத்தவர்கள் ஒரு புத்தகத்தைக்கூட இழக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோப்புகளைக் கணினியில் பிரதி எடுத்து வைத்திருந்தால், இன்றைய ஆண்ட்ராய்டு போனிலும் அவை அப்படியே திறக்கும். அதே எஃப்.பி.ரீடர் இப்போது ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. காரணம் எளிது. அவை பூட்டில்லாத கோப்புகள். எந்த நிறுவனத்தின் அனுமதிக்காகவும் அவை காத்திருப்பதில்லை.

பூட்டுப் போட்ட புத்தகங்களின் கதை வேறு.

2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' இரண்டின் சில பதிப்புகளும் வாசகர்களின் கின்டில்களிலிருந்து காணாமல் போயின. உரிமை இல்லாத ஒருவர் அவற்றை விற்றுவிட்டார் என்பதால், அமேசான் தொலைவிலிருந்தே நீக்கிவிட்டது. பணம் திரும்ப வந்தது. ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகம், வீட்டுக்குள்ளிருந்தே மறையக்கூடும் என்பது அன்று எல்லோருக்கும் புரிந்தது.

2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியது. ஏற்கெனவே விற்ற புத்தகங்களும் சில மாதங்களில் திறக்காமல் போயின. அவர்களும் முழுப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். வாங்கிய கின்டில் புத்தகத்தைக் கணினியில் இறக்கி, கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-ல் அமேசான் நிறுத்தியது.

இதில் சட்டப்படி தவறு என்று சொல்ல எதுவுமில்லாமல் இருக்கலாம். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது பல கடைகளில் கிடைப்பது, படிப்பதற்கான அனுமதிதான். தாத்தா வாங்கிய புத்தகம் பீரோவிலிருந்து பேத்தி கைக்கு வரும். தாத்தாவின் கணக்கில் இருக்கும் மின்புத்தகம் அவருடைய பாஸ்வேர்டோடு போய்விடக்கூடும்.

தமிழுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது

தமிழ் மின்நூல்களின் கதையும் நீண்டதுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துவருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒரு முறையில் அடித்ததை, அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கோழி கிளறியது போல ஏதேதோ தெரியும். மதுரைத் திட்டத்தின் நூல்கள் திஸ்கி என்ற முறையிலிருந்து பின்னர் யூனிகோடுக்கு வந்தன. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. கோப்பை உருவாக்கிய கணினி போனாலும் எழுத்து அழியாது என்ற நிலை தமிழுக்கு அதன்பிறகுதான் உறுதியானது.

பல வீடுகளில், அப்பாவோ பெரியப்பாவோ 20 ஆண்டுக்கு முன்பு தட்டச்சு செய்து வைத்த கவிதையோ குடும்ப வரலாறோ பழைய சி.டி.யில் கிடக்கும். திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறதே என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது. பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எழுதியவர் இருக்கும்போதே மாற்றி, அவரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மேஜை டிராயரில் ஓர் இன்டர்நெட் டேப்லெட்

770 இன்று கடையில் கிடைக்காது. ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்று, பலர் வீட்டு மேஜை டிராயரில் சும்மா கிடக்கிறது. புதிதாக வாங்கியபின் ஒதுக்கிப்போட்ட பழைய ஸ்மார்ட்போன்தான் அது! சிம்மைக் கழற்றினால், பேச முடியாத, பையில் அடங்கும் இன்டர்நெட் டேப்லெட் தயார்.

முதலில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. நன்றாக இருந்தால், போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடலாம். பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால், வங்கி ஆப், யு.பி.ஐ. எதுவும் அதில் இருக்கக் கூடாது. மின்புத்தகம் படிக்கும் ஓர் ஆப் மட்டும் போதும். புத்தகங்களை இறக்கியபின் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால், இடையில் எந்த 'டிங்' சத்தமும் வராது.

கோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பி.டி.எஃப். என்பது பக்கத்தின் புகைப்படம் மாதிரி. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும். இ-பப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால், வரிகள் தாமாகவே மடங்கித் திரைக்குள் அமரும். கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த பாட்டிக்கும், கண்ணாடியை மறந்துவிட்டு ரயிலேறிய அப்பாவுக்கும் இந்த வித்தியாசம் பெரியது.

தமிழுக்கு ஒரு தனிக் குறிப்பு. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம்' போன்ற நீளமான சொற்கள் தமிழில் ஏராளம். எழுத்தைப் பெரிதாக வைத்தால், குறுகிய திரையில் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்தச் சிக்கல் தீரும்.

எங்கே எடுப்பது? மதுரைத் திட்டம் இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தாளர்களே பகிர அனுமதித்த நூல்கள் இ-பப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கேற்ற பி.டி.எஃப். வடிவிலும் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பாரதி, புதுமைப்பித்தன், கல்கி எழுத்துகள் நாட்டுடைமை என்பதால் தயக்கமில்லாமல் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும், இன்றைய எழுத்தாளர்களின் திருட்டு பி.டி.எஃப். மட்டும் வேண்டாம். அது அவர்கள் சோற்றில் கைவைப்பது.

பைண்டிங் செய்து வைத்தவர்கள்

1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, பைண்டிங் செய்து வைத்த குடும்பங்கள் உண்டு. இதழ் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கதை வீட்டில் தங்கும். அட்டை கிழிந்து, ஓரம் பழுப்பேறி, அத்தை கையெழுத்தில் பெயர் எழுதிய அந்த பைண்டு வால்யூமைத் திறக்க யாருக்கும் பாஸ்வேர்டு தேவைப்பட்டதில்லை.

மின்புத்தகத்துக்கும் அதே வேலையைச் செய்யலாம். பூட்டில்லாத புத்தகங்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து, ஆசிரியர் பெயரும் நூலின் பெயரும் தமிழில் எழுதி, கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். பென் டிரைவ் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். பூட்டுள்ள கடையில் வாங்கியதில், பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று தோன்றும் புத்தகம் இருந்தால், அதை மட்டும் அச்சில் ஒரு பிரதி வாங்கிவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டிராயரைத் திறந்து அந்தப் பழைய போனைச் சார்ஜில் போட்டுப் பார்க்கலாம். அது இன்னும் சில ஆண்டுகள்தான் ஓடும். அதில் ஏற்றும் புத்தகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது.