ஆறாத கம்பி

ஆரம்பாக்கத்தில் யாரும் சும்மா வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் மட்டும் ஊரே மொட்டை மாடியில் நிற்கும். புகைக்கோடு கலைந்ததும் ‘சரி, போச்சு’ என்று இறங்கி டி.வி. முன்னால் உட்கார்ந்து விடுவோம்.

எனக்கு வானத்தின் மேல் அக்கறை வந்தது ஒரு கொப்புளத்தால். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் (பெயர் வேண்டாம் ஸார், சம்பளம் இன்னும் அங்கேதான்) ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த முதல் வாரம். நைட் ஷிப்ட். சிவப்பெல்லாம் போய்க் கறுத்துக் கிடந்த கம்பியை, ஆறிவிட்டதென்று தொட்டேன். என் அலறல் ஆந்திரா பார்டர் வரை கேட்டிருக்கும்.

மேஸ்திரி ஓடிவந்தார். “கண்ணை நம்பாதே தம்பி. புறங்கையைக் கிட்டே காட்டு, அது சொல்லும்.”

புறங்கை சொல்வதுதான் இன்ஃப்ராரெட். அகச்சிவப்பு. கண்ணுக்குப் படாத வெளிச்சம்.

நட்சத்திரங்களும் இப்படி ஏமாற்றும். 2007 பிப்ரவரியில் விருச்சிகத்தில் ஒரு நோவா வெடித்தது. வி1280 ஸ்கார்ப்பி என்று பெயர் வைத்தார்கள். வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சில வாரத்தில் மங்கிவிட்டது. அணைந்துவிட்டதா? அதுதான் இல்லை. சிதறிய வாயு குளிர்ந்து கரித்தூசியாகி நட்சத்திரத்தைப் போர்த்திவிட்டது. (எங்கள் மாடியில் காயப்போட்ட வடாமும் சாயங்காலம் அப்படித்தான் இருக்கும்.) அந்தத் தூசி உள்ளே இருக்கும் வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாகக் கக்கியது. கண்ணுக்குக் கறுத்த கம்பி, உள்ளே நெருப்பு.

அதைக் கவனித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. ராஜஸ்தானில் மவுண்ட் அபு, குருசிகரம். 1,680 மீட்டர் உயரத்தில், ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் 1.2 மீட்டர் டெலஸ்கோப். எதற்கு மலை? காற்றிலிருக்கும் ஈரம் அகச்சிவப்பைக் குடித்துவிடும். பழவேற்காடு ஏரிக்காற்றில் துவைத்த சட்டையே காயாத எங்கள் ஊர் லாயக்கில்லை. கருவியே தன் சூட்டில் அகச்சிவப்பு விடுமாம். அதனால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைக்கிறார்கள்.

“ஸ்பேஸுக்கே அனுப்பிட்டா என்னப்பா?” என்றார் பக்கத்து சீட்டு நண்பர். அனுப்பினார்கள். 2021 டிசம்பரில் கிளம்பிய ஜேம்ஸ் வெப்புக்குச் செலவு சுமார் ஆயிரம் கோடி டாலர். ஆனால் அதில் நேரம் கிடைக்க உலகமே க்யூவில் நிற்கிறது. நோவாவோ நாளுக்கு நாள் ஆள் மாறும். தினம் எட்டிப் பார்க்கச் சொந்த மலையில் ஒரு டெலஸ்கோப் வேண்டும். (மழைக்காலத்தில் அபுவும் ஷட்டர் போட்டுவிடும் என்பது வேறு விஷயம்.)

பிப்ரவரியில் நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலை ரயிலுக்கு நிற்கும்போது, தென்கிழக்கில் தேள் எழும்பியிருக்கும். அதன் வால் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேடுவேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மேஸ்திரி ரிடையராகிவிட்டார். ஒருநாள் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.