மோட் லேன் சந்திப்பு கற்பிக்கும் பாடம்

இரயில் வந்தால் ஊர் தழைக்கும், இரயில் போனால் ஊர் தேயும் என்னும் எண்ணம் நம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பாதை வேண்டும், நிறுத்தம் வேண்டும் என்று மகஜர் அளிக்காத ஊர்கள் குறைவு. அக்கோரிக்கைகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் பாதை அமைந்த பின் அதன் மீது செல்லும் சரக்கு யாருடையது, அதற்கு விலை வைப்பவர் யார் என்ற கேள்வியை நம்மில் பலர் எழுப்புவதில்லை. இக்கேள்விக்கு விடை காண, பிரிட்டனின் மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரின் சரித்திரம் பெரிதும் உதவும். கூட்டுறவாளருக்கு அந்தப் பிரதேசம் முற்றிலும் அந்நியமானதன்று என்பது மேலே படிக்கையில் விளங்கும்.

பிரிட்டன் தீவின் மிக நீண்ட ஆறு செவர்ன். அது வேல்ஸ் மலைகளில் தோன்றி, முதலில் லானிட்லோஸ் என்னும் ஊரையும், பின்னர் லாண்டினம், கைர்சூஸ் என்னும் கிராமங்களையும், அதன்பின் நியூடவுன் நகரையும் தொட்டு ஓடுகிறது. கைர்சூஸ் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் கோட்டை கட்டிய பழைய இடம். அதற்கு ஒரு மைல் அளவில் அமைந்ததே மோட் லேன். இரயில் வரும்முன் அவ்விடத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை.

அப்பள்ளத்தாக்கின் செல்வம் ஆடும் தறியுமாக இருந்தது. மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியைக் குடியானவர்களின் வீடுகளில் நூற்றனர். பிளானல் என்னும் மென்கம்பளித் துணியாக நெய்தனர். நியூடவுனில் வீடுகளின் மேல்மாடியை நீண்ட தறிக்கூடமாக அமைத்து, கீழே நெசவாளர் குடும்பங்கள் வசித்தன. 1821இல் கால்வாய் அந்நகரை எட்டியது; 1832இல் பிளானல் வாணிபத்திற்கென்றே ஒரு மாளிகை எழுந்தது. ஆனால் தறியில் அமர்ந்தவருக்கும் துணியை உடுத்தியவருக்கும் இடையே வணிகர் இருந்தனர். விலை அவர்கள் கையில் இருந்தது. 1839இல் லானிட்லோஸ் நெசவாளர்கள் வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தில் எழுச்சி கொண்டு, சில நாட்கள் அவ்வூரையே தம் வசம் வைத்திருந்தனர் என்றால், அவர்களுடைய வறுமையின் கடுமையை நாம் ஊகிக்கலாம்.

அந்த நியூடவுனில்தான் கூட்டுறவுச் சிந்தனையின் தந்தை எனப் போற்றப்படும் ராபர்ட் ஓவன் 1771ஆம் ஆண்டு பிறந்தார். உலகெங்கும் உழைத்துவிட்டு, முதுமையில் சொந்த ஊருக்கே திரும்பி, 1858 நவம்பரில் அங்கேயே கண்மூடினார். அடுத்த ஆண்டே, 1859இல், லானிட்லோஸுக்கும் நியூடவுனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் அது மற்ற எந்தப் பாதையோடும் இணையாத தனிப்பாதையாக இருந்தது. 1861இல் கிழக்கே உள்ள பாதைகளோடு இணைந்தது. 1863இல் மேற்கே கடற்கரையை நோக்கி மற்றொரு பாதை மோட் லேனில் பிரிந்தது. அன்று முதல் மோட் லேன் ஒரு சந்திப்பாயிற்று. 1864இல் லானிட்லோஸிலிருந்து தெற்கே ஒரு பாதை நீண்டதும், மலைநாட்டின் ஊடே செல்லும் பிரயாணிகள் வண்டி மாறும் இடமாக அது விளங்கியது. எஞ்சின் கொட்டகையும் சிற்றுண்டிச் சாலையும் தோன்றின. இரயில்வே ஊழியரின் குடும்பங்கள் குடியேறின.

இப்பாதைகளை அமைத்தவர்களில் முதன்மையானவர் லாண்டினத்தில் பிறந்த டேவிட் டேவிஸ். மரம் அறுக்கும் தொழிலில் வாழ்வைத் தொடங்கிய அவர், டாலெர்டிக் என்னுமிடத்தில் 120 அடி ஆழத்திற்குப் பாறையைப் பிளந்து பாதை போட்டார். பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பாரி துறைமுகத்திற்கும் அதிபதியானார். 1871இல் கைர்சூஸிலிருந்து வான் என்னும் ஈயச் சுரங்கத்திற்கு ஒரு சிறு பாதை போடப்பட்டபோது, வேல்ஸ் மொழிக் கவிஞர் கெய்ரியோக் அதன் நிர்வாகியாக அமர்ந்து, 1887இல் மறையும்வரை பணியாற்றினார். அப்பிரதேசம் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் நெசவாளர் வாழ்ந்தனரா? இதுவே நம் கேள்வி. இரயில் இரு திசையிலும் ஓடும் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெளியே துணி ஏற்றிச் செல்லும் அதே வண்டி, வெளியூர்த் துணியையும் இறக்கும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நிலக்கரி அருகில் கிடைத்தது. நீராவித் தறிகள் பெருகின. பிளானல் மலிவாக உற்பத்தியாயிற்று. நியூடவுன் ஆலைகளோ நிலக்கரியை வெகுதொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. இவ்வளவோடு நிற்கவில்லை. ராச்டேலில் நெய்த துணியே ‘வேல்ஸ் பிளானல்’ என்ற பெயரைச் சூடிச் சந்தைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக நெய்து சம்பாதித்த நற்பெயர் எவருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. எடுத்தவர் பயன்படுத்திக் கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் நியூடவுனின் பிளானல் தொழில் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

அதே காலத்தில், அதே ஊரில், அதே இரயிலைக் கொண்டு ஒருவர் உலகப் புகழ் பெற்றார். பிரைஸ் ஜோன்ஸ் என்னும் துணி வணிகர் தபால் மூலம் விலைப்பட்டியல் அனுப்பி, தபாலில் வந்த கட்டளைப்படி இரயிலில் துணி அனுப்பும் முறையை 1860களில் கையாண்டார். 1879இல் நிலையத்திற்கு எதிரே பெரும் பண்டகசாலை கட்டினார். வாடிக்கையாளரின் முகவரி அவரிடம் இருந்தது; ஆதலால் எந்த ஊர்த் துணி மலிவோ அதை வாங்கி விற்க அவரால் முடிந்தது. நெசவாளரிடம் தறி இருந்தது; முகவரி இல்லை.

இனி ராச்டேலுக்கு வருவோம். 1844 டிசம்பர் 21ஆம் நாள் அந்நகரின் டோட் லேன் வீதியில் 28 பவுன் மூலதனத்துடன் கடை திறந்த முன்னோடிகளை நம் அங்கத்தினர் யாவரும் அறிவர். அவர்களில் பலர் பிளானல் நெய்தவர்கள்; ஓவனின் போதனையில் ஊறியவர்களும் அவர்களிடையே இருந்தனர். ஆகவே நியூடவுனில் பிறந்தவரின் கருத்து ராச்டேலில் ஒரு கடையாக உருப்பெற்றது. ராச்டேலின் மலிவுத் துணி நியூடவுனின் தறியை நிறுத்தியது. மலிவுத் துணியை உண்டாக்கியது கூட்டுறவன்று, நீராவியும் நிலக்கரியுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் நெய்பவரே கூடித் தம் தேவையைத் தாமே நிர்வகிக்கலாம் என்று உணர்ந்தவர்கள் விட்டுச்சென்ற ஸ்தாபன முறை உலகெங்கும் நிலைத்துவிட்டது.

மோட் லேனுக்கு நேர்ந்தது என்ன? மோட்டார் பஸ்களும் லாரிகளும் பெருகின. வான் சுரங்கப் பாதை 1940இல் மூடப்பட்டது. 1948இல் இரயில்வே நாட்டுடைமையாயிற்று. நஷ்டக் கணக்குக் காட்டி, 1962 டிசம்பர் இறுதியில் தெற்கே செல்லும் பாதையின் பிரயாணி வண்டிகளும் மோட் லேன் நிலையமும் நிறுத்தப்பட்டன. க்ளிவெடாக் அணைக்குச் சிமெண்டு ஏற்றிய வண்டிகள் மட்டும் லாண்டினம்வரை சில ஆண்டுகள் சென்றன. 1967இல் அணை முடிந்ததும் அதுவும் முடிந்தது. கைர்சூஸில் இன்றும் வண்டி நிற்கிறது. மோட் லேனில் நிற்பதில்லை. வண்டி மாறுவதையே தொழிலாகக் கொண்ட குடியிருப்புக்கு, மாற வண்டி இல்லாதபோது வேறு ஆதாரம் இல்லை.

அரசு நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு பாதையைக் காத்திருக்க வேண்டும் என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஏழை ஊர்களின் போக்குவரத்தை இலாபக் கணக்கால் மட்டும் அளக்கலாகாது. ஆனால் நியூடவுன் நெசவு தளர்ந்தது இரயில் போனபின் அன்று; இரயில் சிறப்பாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே தளர்ந்தது. இதற்கு மாறான ஒன்றையும் கவனிக்க வேண்டும். 1950ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் ஆடு வளர்ப்போரின் கம்பளியை ஒரு பொது வாரியம் திரட்டி, தரம் பிரித்து, ஏலத்தில் விற்றுத் தொகையைப் பகிர்ந்தளிக்கிறது. அரசின் விலை உத்தரவாதம் 1990களில் நீங்கிய பின்னும் அது நீடிக்கிறது. உலகச் சந்தையில் கம்பளி விலை வீழ்ந்த ஆண்டுகளில் வாரியத்தாலும் அற்புதம் செய்ய இயலவில்லை. எனினும் சிறு உழவர் தனியே பேரம் பேசும் நிலைக்குத் திரும்பவில்லை.

சங்கங்களைப் பார்வையிடும் பணியில் இருக்கும் நாம் இச்சரித்திரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் சங்கங்கள் பலவற்றில் உற்பத்திக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. யார் வாங்குகிறார்கள் என்ற பதிவேடோ சில வரிகளில் முடிந்துவிடுகிறது. ஒரே வணிகர், அல்லது பண்டிகைத் தள்ளுபடிக் காலத்தின் ஒரே கொள்முதல். அந்த ஒன்று நின்றால் கையிருப்பு தேங்கும், கூலி தங்கும். விளைபொருள் சங்கங்களின் நிலையும் இதுவே. நம் ஊர்ச் சரக்கின் பெயரை வேறு ஊரார் சூடிக்கொள்வதைத் தடுக்க 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தது. சட்டம் இருப்பது வேறு, சங்கம் அதைப் பயன்படுத்துவது வேறு.

ஆதலால் அங்கத்தினர்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவை மூன்று கேள்விகள் கேட்க வேண்டுமென நாம் விரும்புகிறோம். சென்ற ஆண்டின் விற்பனையில் பாதிக்கு மேல் ஒருவரே வாங்கினாரா? நம் சரக்கின் பெயரும் முத்திரையும் சங்கத்தின் உரிமையாகப் பதிவாகியுள்ளனவா? கொள்முதல் ஓராண்டு நின்றால் கூலி கொடுக்க ஒதுக்கு நிதி போதுமா? கேள்வியோடு விடையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே பக்கத்தைத் திருப்பிப் பார்க்க அது உதவும்.