வாய்ச்சொல் வழக்கேறாது

மாத்தளையில் மிளகு உலர்த்தும் விவசாயிக்கும் அமெரிக்காவில் கணினிச் சிப்பு செய்யும் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பென வினவுவோர் இருக்கலாம். தொடர்பு உண்டு, அதன் பெயர் ஒப்பந்தம்.

ஐ.பி.எம். நிறுவனம் 2014இல் தன் சிப்புத் தொழிற்சாலைகளைக் குளோபல் பவுண்ட்ரீஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்க இசைந்தது. 150 கோடி டொலரும் தர உடன்பட்டது. தனக்கு வேண்டிய சிப்புகளை அந்நிறுவனம் பத்தாண்டு செய்து தருமென்பது ஏற்பாடு. 2018இல் அந்நிறுவனம் 7 நனோமீற்றர் சிப்பு முயற்சியைக் கைவிட்டது. ஒப்பந்தம் மீறப்பட்டதென 2021இல் ஐ.பி.எம். நியூயோர்க்கில் வழக்கிட்டது. எதிர்த்தரப்பு அதனை மறுத்தது. 2023இல் தானும் வேறொரு வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில் இரு தரப்பும் சமரசமாயின.

யானையோடு யானை பொருதியது, இரண்டும் பிழைத்தன. நம் விவசாயியின் நிலை என்ன? “விளைந்ததும் நானே எடுப்பேன்” என்ற வியாபாரியின் சொல்லை நம்பியிருப்பவன், விலை சரிந்து அவர் முகந்திருப்பினால் எங்கே செல்வான்? 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். இன்றேல் சரக்கில் ஒரு பகுதியையேனும் அவர் ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும். அல்லது முற்பணமேனும் கொடுத்திருக்க வேண்டும். இவை ஒன்றுமில்லாத வாக்கைக் கொண்டு வழக்காடி வெல்ல முடியாது.

ஆகவே, நிறை, விலை, ஈரப்பதன், பணம் தரும் நாள் ஆகியன அடங்கிய எளிய ஒப்பந்தப் படிவமொன்றை மாத்தளைத் தமிழ்ச் சட்டத்தரணிகள் தமிழிலேயே வரைந்து, கட்டணமின்றி வழங்க வேண்டும். விவசாயி தனித்து நின்று கையொப்பம் கேட்டால் வியாபாரி அடுத்த தோட்டத்தை நாடுவார். சங்கமாய்த் திரண்டு கேட்டால் ஒப்பமிட்டே தீர்வார். அறுவடைக்கு முன்னரே அச்சங்கங்கள் எழுக!